பின்லாந்தில் ஒரு வரிச் சட்ட அறிஞரின் வாழ்க்கையும் பணியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வரிச் சட்ட அறிஞர் என்றால் ஆடிட்டர் மாதிரியா?

இல்லை. ஆடிட்டர் ஒரு கம்பெனியின் கணக்கைப் பார்க்கிறார். வரிச் சட்ட அறிஞர் சட்டத்தையே பார்க்கிறார். ஒரு பிரிவு ஏன் இப்படி எழுதப்பட்டது, நீதிமன்றம் அதை எப்படிப் படித்தது, நாளைக்குப் புதிதாக ஒரு ஏற்பாடு வந்தால் அது எந்தப் பக்கம் விழும் என்று யோசிப்பதுதான் அவர் தொழில். பின்லாந்துப் பல்கலைக்கழகங்களில் இது 'நிதிச் சட்டம்' என்ற பெயரில் தனித் துறையாக வளர்ந்தது.

அந்த நாட்டில் மொத்தமே சுமார் 56 லட்சம் பேர்தான். அதனால் இந்தத் துறையில் பேராசிரியர்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருக்கிறார்கள். பாடநூல் எழுதுவது, நிதி அமைச்சகத்தின் பணிக்குழுவில் உட்காருவது, நாடாளுமன்றக் குழு கூப்பிட்டால் போய்க் கருத்துச் சொல்வது, வரி வழக்குகளை இறுதியாகத் தீர்க்கும் உச்ச நிர்வாக நீதிமன்றத்தின் தீர்ப்பு வந்தால் அடுத்த சட்ட இதழில் அதை அலசுவது என்று எல்லா வேலையும் அந்தச் சிலர் தலையில்தான் விழும். பெரிய நாடுகளில் இதெல்லாம் தனித்தனி ஆட்களுக்குப் பிரிந்துவிடும்.

எங்கே படிப்பார்கள்? எத்தனை ஆண்டு?

சட்டப் படிப்புக்குப் பழைய இடம் ஹெல்சிங்கி பல்கலைக்கழகம். 1640-ல் துர்க்கு நகரில் தொடங்கியது. 1827-ல் அந்த நகரம் பெருந்தீயில் அழிந்தபின் 1828-ல் ஹெல்சிங்கிக்கு மாறியது. இன்றைக்குத் துர்க்குவிலும், வடக்கே ரோவனியெமியில் இருக்கும் லாப்லாந்து பல்கலைக்கழகத்திலும், கிழக்கே யோயென்சூவிலும் சட்டம் படிக்கலாம். முதல் பட்டத்துக்கு மூன்று ஆண்டு, முதுநிலைக்கு இரண்டு ஆண்டு. நுழைவுத் தேர்வு கடினம், பலர் ஒரு தடவைக்கு மேல் எழுதுகிறார்கள்.

முதுநிலை முடித்ததும் எல்லோரும் நேரே ஆய்வுக்குப் போவதில்லை. சிலர் ஒரு வருடம் கீழ் நீதிமன்றத்தில் பயிற்சி எடுக்கிறார்கள். சிலர் வரித் துறையிலோ சட்ட நிறுவனத்திலோ வேலை பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறார்கள். வரிச் சட்டத்துக்கு இந்தச் சுற்று வழி நல்லது என்பது என் எண்ணம். ஒரு வரி ஆய்வாளர் கோப்பைப் புரட்டும்போது எதைத் தேடுகிறார் என்று பக்கத்திலிருந்து பார்த்தவர் எழுதும் ஆய்வில் அந்தப் பார்வை தெரியும்.

முனைவர் பட்டம் வாங்கும்போது வாள் கொடுப்பார்களாமே?

உண்மைதான். ஆனால் அதற்கு முன்னால் கடக்க வேண்டியது நிறைய.

ஆய்வேட்டை வெளியிலிருந்து இரண்டு பேர் முதலில் படித்து ஒப்புதல் தர வேண்டும். பிறகு அது அச்சாகி, எல்லோரும் பார்க்கும்படி வைக்கப்படும். வாதம் நடக்கும் நாளன்று யார் வேண்டுமானாலும் அரங்கில் வந்து உட்காரலாம். ஆய்வாளர், அவர் தரப்பில் தலைமை தாங்கும் பேராசிரியர், ஆய்வைக் கேள்வி கேட்டுச் சோதிக்க வரும் அறிஞரான எதிர்வாதி என்று மூவரும் முறையான கறுப்பு உடையில் வரிசையாக நுழைவார்கள். ஏற்கனவே முனைவர்களாக இருக்கும் இருவரும் தங்கள் உயர்ந்த தொப்பியைத் தலையில் வைக்காமல் கையில் கொண்டுவந்து மேசைமேல் வைப்பார்கள். ஆய்வாளர் அதிகபட்சம் 20 நிமிடம் தன் ஆய்வை எல்லோருக்கும் புரியும்படி சொல்ல வேண்டும். அதற்கப்புறம் எதிர்வாதி கேள்வி கேட்கத் தொடங்குவார். அது சில மணி நேரம்கூடப் போகும். இறுதியில் அரங்கில் இருப்பவர்களும் கேட்கலாம்.

அன்று மாலை எதிர்வாதியைக் கௌரவித்து ஆய்வாளர் விருந்து வைப்பார். பகலில் தன்னைத் துளைத்தெடுத்தவருக்கே ராத்திரி விருந்து. எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இது. கேள்வி கேட்டவர் மேல் மனத்தாங்கல் வராமல் இருக்க ஒரு சமூகம் செய்துவைத்த ஏற்பாடு.

வாளும் தொப்பியும் தருவது வேறொரு நாள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் பட்டமளிப்பு விழாவில் அது நடக்கும். அதற்கு முந்தின நாள் வாளைச் சாணை பிடிக்கும் சடங்கும் உண்டு. சாணைக்கல்லில் தண்ணீருக்குப் பதில் பொங்கும் ஒயினை ஊற்றுவார்கள்.

உதாரணத்துக்கு ஒரு அறிஞரைச் சொல்ல முடியுமா?

கரி எஸ். திக்கா. ஹெல்சிங்கி பல்கலைக்கழகத்தில் நிதிச் சட்டப் பேராசிரியராக இருந்தவர். 1972-ல் வெளியான அவருடைய முனைவர் ஆய்வு, வரியைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடுகளைச் சட்டம் எப்படிக் கட்டுப்படுத்தலாம் என்பதைப் பற்றியது. வருமான வரியையும் சொத்து வரியையும் மையமாக வைத்து எழுதினார். பிறகு 1990-ல் வரிக் கொள்கை பற்றி ஒரு நூல், வேறு சிலரோடு சேர்ந்து கம்பெனி வரி பற்றி ஒரு பெரிய நூல் என்று தொடர்ந்தார். பின்லாந்தில் வரித் தவிர்ப்பைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்த 1972 ஆய்வைத் தாண்டிப் போக முடியாது. இன்றும் அடிக்குறிப்புகளில் அந்தப் பெயர் வந்துகொண்டிருக்கிறது.

அந்த ஆய்வில் அப்படி என்ன இருக்கிறது?

கேள்வியே பெரியது. சட்டம் விட்டுவைத்த வழியில் போய் வரியைக் குறைத்துக்கொள்வது தவறா? எந்த இடத்தில் அது தவறாகிறது?

ஒரு மருத்துவரை எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தால், நல்ல வருமானம் உள்ளவருக்கு மேல்தட்டில் ஒவ்வொரு கூடுதல் யூரோவிலும் பாதியளவு வரியாகப் போகும். அவரே ஒரு கம்பெனி தொடங்கி, அதே வேலைக்கு அந்தக் கம்பெனியின் பெயரில் பணம் வாங்கினால்? கம்பெனிக்கு 20% வரி, பிறகு பங்காதாயமாக எடுக்கும்போது குறைந்த வரி. அதே ஆள், அதே நோயாளிகள், அதே அறை. மாறியது காகிதம் மட்டும்.

இப்படிப்பட்ட இடத்துக்காகவே பின்லாந்தின் வரி நிர்ணய நடைமுறைச் சட்டத்தில் 28-ஆம் பிரிவு இருக்கிறது. ஒரு ஏற்பாட்டுக்குக் கொடுக்கப்பட்ட சட்ட வடிவம் அதன் உண்மையான தன்மைக்கோ நோக்கத்துக்கோ பொருந்தாவிட்டால், சரியான வடிவத்தில் செய்திருந்தால் என்ன வரி வருமோ அதை விதிக்கலாம் என்கிறது அது. இன்றைய சட்டம் 1995-ல் வந்தது. திக்கா எழுதிய காலத்தில் இதே கருத்து 1958-ஆம் ஆண்டு வரிச் சட்டத்தில் இருந்தது.

படிக்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் அதே நாட்டு அரசியல் சாசனத்தின் 81-ஆம் பிரிவு வேறொன்று சொல்கிறது. அரசு வரியை நாடாளுமன்றச் சட்டத்தால்தான் விதிக்க வேண்டும், யார் கட்ட வேண்டும், எவ்வளவு என்பதற்கான அடிப்படை அந்தச் சட்டத்திலேயே இருக்க வேண்டும் என்கிறது. அப்படியென்றால் ஒரு பொது விதியை வைத்துக்கொண்டு அதிகாரி ஒருவர் "உங்கள் ஏற்பாடு எனக்கு ஒப்பவில்லை" என்று வரியைக் கூட்டலாமா? குடிமகன் எதை நம்பித் திட்டம் போடுவான்? தவிர்ப்பைத் தடுக்கவும் வேண்டும், சட்டத்தை நம்பியவரை ஏமாற்றவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் கோடு போடுவதுதான் வரிச் சட்ட ஆய்வின் இதயம் என்று நான் நினைக்கிறேன். மற்ற எல்லாம் இதைச் சுற்றித்தான்.

1993 வரிச் சீர்திருத்தம் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது என்ன?

1980-களின் கடைசியில் பின்லாந்து வெளிநாட்டுப் பண ஓட்டத்துக்கு இருந்த கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. வரி அதிகம் என்றால் முதலீடு எல்லை தாண்டிப் போய்விடும் என்ற நிலை வந்தது. அதோடு 1990-களின் தொடக்கத்தில் நாடு கடும் பொருளாதார வீழ்ச்சியில் சிக்கியது. சோவியத் யூனியன் உடைந்து, அங்கே போய்க்கொண்டிருந்த ஏற்றுமதியும் நின்றுபோனது.

அப்போதுதான் வருமானத்தை இரண்டாகப் பிரித்தார்கள். உழைத்துச் சம்பாதிப்பதற்குப் படிப்படியாக ஏறும் வரி. வட்டி, வாடகை, பங்காதாயம், சொத்து விற்ற லாபம் போன்ற மூலதன வருமானத்துக்கு ஒரே விகிதமாக 25%. கம்பெனிகளுக்கும் அதே 25%. சுவீடன் 1991-லும் நார்வே 1992-லும் இதே பாதையில் போயிருந்தன. பின்லாந்தின் முடிவை வெளிநாட்டு வாசகர்களுக்கு ஆங்கிலத்தில் விளக்கிக் கட்டுரை எழுதியவர் திக்காதான். சர்வதேச வரிப் போட்டிக்குப் பின்லாந்து சொன்ன பதில் என்று அதை அவர் பார்த்தார்.

பின்னால் விகிதங்கள் மாறின. கம்பெனி வரி முதலில் ஏறி, பிறகு 2005-ல் 26%, 2014-ல் 20% என்று இறங்கியது. மூலதன வருமான வரி ஏறியது. இப்போது ஆண்டுக்கு 30,000 யூரோ வரை 30%, அதற்கு மேல் 34%. ஆனால் 'இரண்டு பெட்டி' அமைப்பு மட்டும் அப்படியே நிற்கிறது.

இரண்டு பெட்டி வைத்தால் என்ன ஆகும்? எல்லோரும் கனமான பெட்டியிலிருந்து லேசான பெட்டிக்குத் தாவப் பார்ப்பார்கள். சொந்தக் கம்பெனி வைத்திருப்பவருக்கு இது சுலபம். அதனால்தான் பங்குச் சந்தையில் இல்லாத கம்பெனிகளின் பங்காதாயத்துக்குத் தனிக் கணக்கு வைத்தார்கள். பங்கின் கணக்கு மதிப்பில், அதாவது கம்பெனியின் நிகரச் சொத்தில் அந்தப் பங்குக்கு உரிய அளவில், ஆண்டுக்கு 8% வரை எடுத்தால், ஒரு ஆளுக்கு 1,50,000 யூரோ உச்சவரம்புக்குள், கால் பங்கு மட்டும் வரிக்குள் வரும். தனி ஒருவரின் கம்பெனியில் நிகரச் சொத்து 10 லட்சம் யூரோ என்று வையுங்கள். 80,000 யூரோ எடுத்தால் 20,000-க்கு மட்டும் 30%, அதாவது 6,000 யூரோ வரி. அதற்கு முன் கம்பெனி கட்டிய 20%-ஐயும் சேர்த்தால், ஒரு லட்சம் லாபத்தில் 26,000 வரி. இதே ஒரு லட்சத்தைச் சம்பளமாக எடுக்கிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

சொத்து சேர்த்துவைத்த கம்பெனிக்காரருக்கு லாபம், இப்போதுதான் தொழில் தொடங்கியவருக்கு ஒன்றுமில்லை. பொருளாதார அறிஞர்களும் சட்ட அறிஞர்களும் பல ஆண்டுகளாக இதைக் குறை சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

பேராசிரியர் எழுதியதை நீதிபதி ஏற்றே ஆக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. பின்லாந்தின் சட்டக் கோட்பாட்டாளர் ஆவுலிஸ் ஆர்னியோ சட்ட ஆதாரங்களை மூன்று படியாகப் பிரித்தார். சட்டமும் வழக்காறும் கட்டாயம் பின்பற்ற வேண்டியவை. சட்டத்தின் முன்வரைவு விளக்கங்களும் முந்தைய தீர்ப்புகளும் அடுத்த படி, காரணம் இல்லாமல் விலகக் கூடாது. அறிஞர்களின் எழுத்து மூன்றாம் படியில் இருக்கிறது, பயன்படுத்தலாம், பயன்படுத்தாமலும் இருக்கலாம்.

நடைமுறையில் அதன் கனம் இதைவிட அதிகம். ஒரு புதுக் கேள்வி வரும்போது அதைப் பற்றி ஏற்கனவே முழுதாக யோசித்து எழுதியவர் ஒருவர்தான் இருப்பார். வழக்கறிஞரும் அதைத்தான் தேடிப் படிப்பார், வரித் துறையும் அதைத்தான் படிக்கும், நீதிபதியும் அதைத்தான் படிப்பார்.

கம்பெனிகளுக்குப் பேராசிரியர் கட்டணம் வாங்கிக் கருத்து எழுதிக் கொடுப்பது சரியா?

அது வழக்கத்தில் இருக்கிறது. பெரிய வழக்குகளில் ஒரு தரப்பு பேராசிரியரிடம் நிபுணர் கருத்து வாங்கி நீதிமன்றத்தில் வைக்கும். என்னைக் கேட்டால், யார் பணம் கொடுத்தார்கள் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டு எழுதினால் சரி. அதே கருத்தைப் பிறகு நடுநிலைக் கட்டுரையாக இதழில் போடும்போது சொல்லாமல் விட்டால் சரியில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபின் இந்த வேலை மாறியதா?

அடியோடு மாறியது. 1995-க்கு முன் பின்லாந்துச் சட்டம் தெரிந்தால் போதும். அதன்பின் லக்ஸம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் என்ன சொல்லும் என்றும் யோசிக்க வேண்டியதாயிற்று.

2004-ல் வந்த ஒரு தீர்ப்பு இதற்கு நல்ல சான்று. அப்போது பின்லாந்துக் கம்பெனியின் பங்காதாயம் வாங்கியவருக்கு, அந்தக் கம்பெனி ஏற்கனவே கட்டிய வரிக்காக, பங்காதாயத்தில் 29/71 பங்கு வரவாக, அதாவது தன் வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாகக் கிடைத்தது. லாபத்துக்கு இரண்டு முறை வரி விழாமல் இருக்க அந்த ஏற்பாடு. பின்லாந்தில் வசித்த ஒருவரிடம் சுவீடன் கம்பெனிப் பங்குகள் இருந்தன. எனக்கு மட்டும் ஏன் இந்த வரவு இல்லை என்று கேட்டு மத்திய வரி வாரியத்திடம் முன்கூட்டிய விளக்கம் கேட்டார். அது உச்ச நிர்வாக நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து லக்ஸம்பர்க்குக்கும் போனது. உள்நாட்டுக்கு ஒன்று, வெளிநாட்டுக்கு ஒன்று என்று வைப்பது ஒன்றிய நாடுகளுக்கிடையே பணம் தடையின்றிப் போகலாம் என்ற மூலதனச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று தீர்ப்பு வந்தது. பின்லாந்து 2005-லேயே அந்த வரவு முறையையே கைவிட்டுவிட்டது. தனி ஒரு முதலீட்டாளரின் கேள்வி ஒரு நாட்டின் பங்காதாய வரி முறை மாறுவதற்கே ஒரு காரணமானது.

இந்த மாற்றத்துக்குப் பிந்தைய தலைமுறையின் முக்கியமான பெயர் மர்யானா ஹெல்மினன். ஹெல்சிங்கியில் சர்வதேச வரிச் சட்டப் பேராசிரியர். 1999-ல் வெளியான அவருடைய முனைவர் ஆய்வு, கம்பெனிகளுக்கு நடுவே போகும் பணத்தில் எது பங்காதாயம் என்பதைச் சர்வதேச வரிச் சட்டம் எப்படித் தீர்மானிக்கிறது என்று ஆராய்ந்தது. திக்கா தன் ஆய்வைப் பின்னிஷில் எழுதினார், ஹெல்மினன் ஆங்கிலத்தில் எழுதினார். துறை எங்கே நகர்ந்தது என்பது இதிலேயே தெரிகிறது.

இதற்கும் தமிழ்நாட்டுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை.

2006-ல் உற்பத்தி தொடங்கிய அந்த ஆலையில் செய்த போன்களுக்குள் போகும் மென்பொருளுக்காக, நோக்கியா இந்தியா நிறுவனம் பின்லாந்துத் தாய்க் கம்பெனிக்குப் பணம் அனுப்பியது. 2013-ல் இந்திய வருமான வரித் துறை, அது ராயல்டி (பிறருக்குச் சொந்தமான உரிமையைப் பயன்படுத்தக் கொடுக்கும் கட்டணம்), வரி பிடித்தம் செய்துதான் அனுப்பியிருக்க வேண்டும் என்று 2,000 கோடி ரூபாய்க்கு மேல் கேட்டது. நாங்கள் வாங்கியது ஒரு பொருள், ராயல்டி இல்லை என்றது கம்பெனி. 2012-ல்தான் இந்தியா மென்பொருள் கட்டணத்தையும் ராயல்டியில் சேர்த்து, அது 1976 முதல் பொருந்தும் என்று பின்தேதியிட்டுச் சட்டத்தைத் திருத்தியிருந்தது.

வரித் துறையின் சொத்து முடக்கத்தில் சிக்கியதால் 2014-ல் நோக்கியாவின் போன் தொழில் மைக்ரோசாஃப்டுக்குப் போனபோது சென்னை ஆலை மட்டும் கைமாறவில்லை. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. ஆயிரக்கணக்கான இளம் தொழிலாளர்கள், அதில் பெரும்பகுதி பெண்கள், வேலையிழந்தார்கள். ஆலை மூடியதற்குச் சந்தையில் நோக்கியா சரிந்ததும் ஒரு காரணம்தான். ஆனாலும் ஒரு சொல்லின் எல்லை எது என்ற சட்டத் தகராறு எத்தனை குடும்பங்களின் அடுப்பைத் தொட்டது என்பதை மறக்கக் கூடாது.

இந்தியாவுக்கும் பின்லாந்துக்கும் 2010-ல் கையெழுத்தான இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. அதன் கீழ் இரு நாட்டு வரி அதிகாரிகளும் பேசி 2018-ல் அந்தத் தகராறைத் தீர்த்தார்கள். 2021 மார்ச்சில், வேறு கம்பெனிகளின் வழக்குகளில், இப்படி மென்பொருள் வாங்கக் கொடுக்கும் பணம் ஒப்பந்தங்களின் கீழ் ராயல்டி ஆகாது என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த ஆலைக்குள் பின்னர் பின்லாந்தில் தோன்றிய இன்னொரு கம்பெனியான சால்காம்ப் வந்தது.

அங்கே எல்லோருடைய வருமானமும் பகிரங்கமாமே? பேராசிரியருடையதுமா?

ஆமாம், அவருடையதும். ஒவ்வொரு நவம்பரிலும் முந்தைய ஆண்டின் வரி விவரம் பொதுவில் வருகிறது. ஒருவரின் சம்பள வருமானம் எவ்வளவு, மூலதன வருமானம் எவ்வளவு, எவ்வளவு வரி கட்டினார் என்று வரித் துறையிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். ஊடகங்கள் அந்தக் காலைக்குப் 'பொறாமை நாள்' என்றே பெயர் வைத்திருக்கின்றன.

இதற்கும் எல்லை உண்டு. 2002-ல் ஒரு பத்திரிகை 12 லட்சம் பேரின் வரி விவரத்தை மொத்தமாக அச்சிட்டு, பிறகு குறுஞ்செய்தி வழியாகவும் விற்கத் தொடங்கியது. அந்த வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போய்த் திரும்பி, கடைசியில் ஸ்ட்ராஸ்பர்க்கில் உள்ள மனித உரிமை நீதிமன்றத்தின் பெரும் அமர்வில் 2017 ஜூன் மாதம் முடிந்தது. விவரம் பொதுவானதாக இருந்தாலும், அதை அள்ளி மொத்தமாகப் பரப்புவதைத் தடுத்தது கருத்துச் சுதந்திர மீறல் ஆகாது என்றார்கள். அதே சமயம், வழக்கு இத்தனை வருடம் இழுத்ததற்காகப் பின்லாந்தைக் கண்டிக்கவும் செய்தார்கள்.

எந்த மொழியில் எழுதுகிறார்கள்?

பின்னிஷ், சுவீடிஷ், ஆங்கிலம். முதல் இரண்டும் தேசிய மொழிகள், சட்டங்கள் இரண்டிலும் வருகின்றன. உள்நாட்டு வழக்கறிஞருக்கும் அதிகாரிக்கும் வேண்டிய கையேடு பெரும்பாலும் பின்னிஷில்தான். எட்வர்ட் ஆண்டர்சன் போன்ற மூத்த பேராசிரியர்கள் பின்னிஷிலும் சுவீடிஷிலும் எழுதினார்கள். ஆங்கிலத்தில் எழுதினால்தான் வெளியே மதிப்பு என்ற அழுத்தம் இன்றைய இளையவர்களுக்கு இருக்கிறது. எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டால், உள்ளூர் வரி அலுவலகத்தில் மேல்முறையீடு எழுதுகிற சாதாரண ஆளுக்குப் புரியும் நூலை யார் எழுதுவது என்ற கவலை எனக்கு உண்டு.

இந்தியாவிலிருந்து போய் இதைப் படிக்கலாமா?

படிக்கலாம். ஹெல்சிங்கியில் சர்வதேச வணிகச் சட்டத்தில் ஆங்கில வழி முதுநிலைப் படிப்பு இருக்கிறது. ஆங்கில வழிப் பட்டப் படிப்புகளில் சேரும் ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மாணவர்களுக்கு 2017 முதல் கல்விக் கட்டணம் உண்டு. முனைவர் ஆய்வுக்குக் கட்டணம் இல்லை, ஆனால் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் உதவித்தொகையோ ஆய்வுப் பணியிடமோ தேடிக்கொள்ள வேண்டும். சர்வதேச வரி, ஒப்பந்தங்கள், ஐரோப்பிய வரிச் சட்டம் என்றால் ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்கலாம். பின்லாந்தின் உள்நாட்டு வரியை ஆராய வேண்டுமென்றால் முதலில் பின்னிஷ் படியுங்கள். தீர்ப்புகளும் முன்வரைவு விளக்கங்களும் அந்த மொழியில்தான் கிடக்கின்றன.